குழாய் குடித்த விஷம்

முதலில் சொம்பு உருண்டது.

பிறகு ஆள்.

தையல்காரி அடுப்படிக்கு ஓடி வந்தபோது அவள் புருஷன் குழாயடியில் குப்புறக் கிடந்தான். வாயில் நுரை. வலது கால் மட்டும் உதறிக்கொண்டே இருந்தது...

அதுவும் நின்றது.

அலறினாள்!

தொட்டிலில் இருந்த குழந்தையும் சேர்ந்து அலறியது.

செத்தவன் லைன்மேன். கரண்ட் கம்பியில் தொங்கிப் பிழைத்தவன், தன் வீட்டுத் தண்ணீரைக் குடித்துச் செத்தான். எழுந்ததும் இருட்டோடு மோட்டாரைப் போட்டு, குழாயில் வரும் முதல் தண்ணீரைச் சொம்பில் பிடித்து மடக்மடக்கென்று குடிப்பது அவன் பழக்கம். அந்தத் தெருவுக்கே தெரிந்த பழக்கம்.

முதலில் ஓடி வந்தது அண்ணன்காரன். பக்கத்து வாசல். ஒரே வீட்டைச் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். பூச்சிமருந்துக்கடை வைத்திருந்ததால் ஊரில் அவனுக்கு 'மருந்து' என்றே பெயர்.

"அடிப்பாவி! என் தம்பிக்கு என்னத்தடி கரைச்சுக் குடுத்தே?"

தையல்காரி தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள்.

"மாமா... நான்..."

"மாமாவா? இனிமே அப்படிக் கூப்பிட்டே, நடக்கிறதே வேற!"

போலீஸ் வந்தது. பெண் இன்ஸ்பெக்டர். தூக்கம் பார்த்து நாளான கண்கள். கூடவே தொந்தியைத் தள்ளிக்கொண்டு ஏட்டு.

"மேடம், அலமாரியைப் பாருங்க!" மருந்து கை நீட்டினான். "கரையானுக்குன்னு என் கடையில வாங்கிட்டு வந்தா. அப்பவே எனக்குச் சந்தேகம்!"

அலமாரியில் ஒரு கலர் சோடா பாட்டில் இருந்தது. உள்ளே கலர் இல்லை. பூச்சிமருந்து.

இன்ஸ்பெக்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"விஷத்தைக் கலர் பாட்டில்ல ஊத்திக் குடுத்தது யாரு?"

"எல்லாருக்கும் அப்படித்தான் மேடம். சில்லறையா கேட்டா வேற எதுல குடுக்கிறது?"

"சின்னப்பிள்ளை இருக்கிற வீடு..." ஏட்டு முனகினார். "நல்லா இருக்குய்யா உங்க வியாபாரம்."

தையல்காரி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்... இதை யார் பார்ப்பார்கள்? இந்த மனுஷன் வீட்டிலா வளரும்?

"உனக்கும் புருஷனுக்கும் சண்டையா?"

"எங்களுக்குள்ள இல்லை மேடம்." "இவங்க ரெண்டு பேருக்கும்தான். கிணத்தை ஒட்டி மருந்து குடோன் வேணாம், பிள்ளைங்களுக்கு வாந்தியும் பேதியுமா இருக்கு, மாத்துங்கன்னு அவரு சொல்லிட்டே இருந்தாரு. மாத்தலேன்னா அதிகாரிங்களைக் கூட்டிட்டு வந்து தண்ணியைச் சோதிக்கச் சொல்லிக் கடையை மூட வைப்பேன்னு முந்தாநாள்கூட..."

"பார்த்தீங்களா! பழியை என் மேல திருப்புறா!"

இன்ஸ்பெக்டர் பாட்டிலை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அவர் மோட்டாரைப் போடச் சொல்லிக் குழாயைத் திறந்தார்.

தண்ணீர் வந்தது... கழுநீர் மாதிரி வெளுப்பாக!

நெடி மூக்கில் குத்தியது. அந்த வீட்டில் எந்நேரமும் குடோன் வாடை அடித்ததால், யார் மூக்கும் அதை மதிப்பதில்லை.

"இந்தக் குழாய் எங்கேருந்து வருது?"

கிணற்று மோட்டாரிலிருந்து ஒரே குழாய். முற்றத்தில் ஒரு கிளை. இரண்டு அடுப்படிக்கும் இரண்டு கிளை. முற்றத்துக் குழாயில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தது. அதன் மறுமுனை...

மருந்து கலக்கும் டிரம்முக்குள் முங்கிக் கிடந்தது!

"ஏட்டய்யா, மோட்டாரை நிறுத்துங்க."

நிறுத்தினார்.

எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். டிரம்மில் இருந்த மருந்துத் தண்ணீர் மெல்ல... மெல்ல... இறங்கியது. குழாய்த் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பி இறங்க, அதன் பின்னாலேயே ஹோஸ் டிரம்மை உறிஞ்சியது. பிள்ளை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரி.



மருந்து பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ! நேத்து சாயங்காலம் நான்தான் டிரம்மை ரொப்பினேன்! ஹோஸை எடுக்க மறந்துட்டேனே! ஊர்ல எல்லாரும் இப்படித்தானே முக்கிப் போடுறோம்... உறிஞ்சும்னு யாருக்குத் தெரியும்? அம்மாடி, தெரியாம உன்னைப் பேசிட்டேம்மா! தெரியாம நடந்த விபத்தும்மா!"

தேம்பித் தேம்பி அழுதான். நல்ல அழுகை. பார்த்த தெருவே மூக்கைச் சிந்தியது. தையல்காரிக்கே ஒரு கணம் நெஞ்சு இளகியது. ஜெயில் இல்லை. குழந்தை நம்மிடம்தான். அது போதும்...

"விபத்துதான் போலிருக்கு." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார். கிளம்பியவர் நின்றார். "ஆமா, உங்க அடுப்படிக்கும் இதே குழாய்தானே? நீங்க எப்படிய்யா தப்பிச்சீங்க?"

"நாங்க கொதிக்க வச்சுதான் மேடம் குடிப்போம். சுகாதார நர்ஸ் வீடு வீடா வந்து சொன்னாங்களே. காலையிலகூட அதுலதான் டீ."

"இதே தண்ணியில?"

"இதே தண்ணியிலதான் மேடம். நல்லா தளதளன்னு கொதிக்க வச்சு."

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். நிதானமாக.

"கொதிக்க வச்சா கிருமி சாகும். பூச்சிமருந்து சாகாதுய்யா. தண்ணி சுண்டச் சுண்ட விஷம் ஏறத்தான் செய்யும். இதுல டீ போட்டுக் குடிச்சிருந்தா, உன் தம்பி பக்கத்துலேயே உனக்கும் ஒரு பாய் விரிச்சிருப்பாங்க!"

மருந்தின் அழுகை ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றது.

"ந... நான் டீ குடிக்கலை. வயிறு சரியில்லை... இவதான்..."

வாசலில் நின்ற அவன் மனைவி நிமிர்ந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். அவள் கண் புருஷன் மேல் இல்லை. தையல்காரியின் இடுப்பில் இருந்த குழந்தை மேல் இருந்தது.

"அக்கா..." என்றாள் தையல்காரி. "இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தத் தண்ணியிலதான் இவளுக்குப் பால் கரைச்சிருப்பேன்."

மூத்தவளின் உதடு கோணியது.

"நேத்தே குடம் குடமா புடிச்சு வச்சாரு மேடம். 'காலையில குழாயைத் தொட்டுடாதே'ன்னாரு. ஏன்னு கேட்டேன். 'சொன்னதைச் செய்டி'ன்னாரு."

"வாயை மூடுடி, சனியனே!"

"இத்தனை வருஷமா மூடித்தானே இருந்தேன்."

அவள் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். கை காலியானதும்தான் தையல்காரி உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஜீப்பில் ஏற்றியபோது மருந்துக்குத் தொண்டை வறண்டிருந்தது.

"ஏட்டய்யா... ஸ்டேஷன்ல ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?"

"கிடைக்கும். தொட்டியைக் கழுவி வருஷமாச்சு, புழு நெளியும்." ஏட்டு கதவை அறைந்து சாத்தினார். "ஆனா பயப்படாதே... கூடப் பிறந்தவன் யாரும் அங்கே டிரம்முல ஹோஸை முக்கிப் போடுறதில்லை!"