கண்ணில் இல்லாத பிராந்தி

திருவனந்தபுரம் தம்பானூரில், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே மகேஷ்குமார் செத்துக் கிடந்தான்!

மண்டை உடைந்திருந்தது. சட்டை முழுக்க பிராந்தி நாற்றம்...

தள்ளிவிட்டது யார்?

மேனேஜர் ராஜையன்தான். உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது!

அவருடைய ஒரே மகள் அஸ்வதியைக் கழக்கூட்டம் பைபாஸில் காரால் அடித்துக் கொன்றவன் இவன். கோர்ட் விட்டுவிட்டது. அங்கே ஒரு தடவைகூட அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காத பாவி, ஆள் தெரியாமல் அவர் லாட்ஜிலேயே ரூம் போட்டான்.

கொன்றால் மட்டும் போதுமா? குடித்துச் செத்தான் என்று சர்க்கார் காகிதத்தில் ஏற வேண்டும். ஊரே காறித் துப்ப வேண்டும்!

ராஜையன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். மதுக்கடை கியூவில் நின்றது அதுதான் முதல் தடவை. கியூவோ நகரவே இல்லை... புட்டியோடு அவர் திரும்பியபோது மகேஷ்குமார் ரூமைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு படியிறங்கிக்கொண்டிருந்தான். மத்தியான நேரம். லாட்ஜில் ஈ காக்கை இல்லை.

ஊற்றிக் கொடுக்க ஏது நேரம்?

முதலில் தள்ளினார். பிறகு வாயில் ஊற்றினார்.

ஆடி ஆடி வந்தான், படியில் உருண்டுவிட்டான் என்று ராஜையன் சொன்னதை இன்ஸ்பெக்டர் பிஜு எழுதிக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து போன் அடித்தது. லேப் ரிசல்ட் வந்துவிட்டது, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சுசீலாபாயின் அறைக்கு வாருங்கள் என்றார் பிஜு.

ராஜையன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"நெஞ்சு ரத்தத்துல ஆல்கஹால் உண்டு," என்றார் டாக்டர்.

ராஜையனுக்கு மனசு குளிர்ந்தது.

"அது வயித்துலேந்து கசிஞ்சு வந்தது. செத்தப்புறமும் கசியும். அதனால கண்ணுக்குள்ள உள்ள நீரையும் எடுத்துப் பார்ப்போம். உயிரோட ரத்தம் ஓடினாத்தான் சாராயம் அங்க போய்ச் சேரும்."

"அங்க எவ்வளவு டாக்டரே?"

"ஒண்ணுமில்ல. சுத்தம்."

பிஜு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"ஆடி ஆடி வந்தான்னல்லே சேட்டன் பறஞ்சது? குடிக்காதவன் எப்படி ஆடுவான்? செத்தவன் வாயில ஆரு ஊத்தினது?"

ராஜையன் சிரித்தார்!

ஏன் சிரிக்கிறீர்கள் என்று பிஜு கேட்டார்.

"எனக்க மோளைக் கொன்ன அன்னைக்கு இவன் மூக்கு முட்டக் குடிச்சிருந்தான் சாரே. ரத்தம் எடுக்க லேட்டாயிட்டு. ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்ல, கோர்ட்டு விட்டுட்டு. இப்ப நானே ஊத்தினேன். இப்பவும் ஒண்ணுமில்ல."

விலங்குக்குக் கையை நீட்டினார்.

"எழுதிக்கிடுங்க சாரே. இவனை மாதிரி குடிக்காத யோக்கியன் திருவனந்தபுரத்துலயே கிடையாது."