பின்னால் சுற்றாத பூமி

“சாவி மூணு பேர்கிட்ட இருக்கு, மேடம். ஆனா சந்தேகம் மட்டும் என் மேலதான்” என்றாள் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டிப் பெண். “சாப்பாட்டு நேரத்துல கண்காட்சிக் கூடத்தைப் பூட்டிட்டு ஓய்வறையில தனியா இருந்தேன். திரும்பி வந்து உங்க கண்ணு முன்னாலதானே திறந்தேன், கண்ணாடிப் பெட்டி காலி. சாயங்காலத்துக்குள்ள அந்த வானத்துக் கல்லு வரலைன்னா வேலையும் போயிடும், போலீசும் வரும்னு பதிவாளர் சொல்லிட்டார்.”

“அழாம சொல்லும்மா. மத்த ரெண்டு சாவி யார்கிட்ட?”

“வாசல் காவலாளிகிட்ட ஒண்ணு. காப்பாளர் சார்கிட்ட ஒண்ணு.”

கேட்டவர் தீவிபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர். எரிந்த கிடங்குகளில் சாம்பலைக் கிளறி, தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சொல்வது அவர் தொழில். விடுமுறை நாளில் அக்காவை இங்கே சுற்றிப்பார்க்க இழுத்துவந்தவன் தம்பி; பள்ளியில் புவியியல் நடத்துகிறவன்.

“காவலாளியை விட்டுடுக்கா” என்றான் அவன். “நம்மகூடவே புல்தரையில உட்கார்ந்து, மாமியார் கதை சொல்லிக்கிட்டே என் சாப்பாட்டுல பாதியை முடிச்சது அவர்தான்.”

காலையில் இதே கூடத்துக்குள் நுழைந்ததும் இருவரும் அண்ணாந்து நின்றுவிட்டார்கள். நான்கு மாடி உயரத்துக்கு ஒன்றுமில்லாத வெளி. குவிமாடத்தின் உச்சியிலிருந்து இறங்கிய ஒற்றைக் கம்பியின் நுனியில், பூசணிக்காய் அளவு இரும்புக் குண்டு ஓசையின்றிப் போய்வந்தது. சுற்றிலும் வட்டமாக மரக்கட்டைகள். ஊசல் தன் திசையை விடுவதில்லை. அதன் அடியில் பூமிதான் திரும்புகிறது. அதனால் குண்டு தட்டி, கட்டைகள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்கின்றன. நிற்கிற தரை நகர்வதைத் தம்பி அன்றுதான் கண்ணால் கண்டான்.

“காலையில காப்பாளர் சார் கையால ஒரு தள்ளு தள்ளிவிடுவார்” என்று வழிகாட்டிப் பெண் அப்போது விளக்கியிருந்தாள். “நடுவுல தெரியுது பாருங்க பித்தளை மூடி, அதுக்கடியில இருக்கிற காந்தம் வேகம் குறையாம பார்த்துக்கும்.” சுவரோரக் கண்ணாடிப் பெட்டியில், வானிலிருந்து விழுந்த கறுப்புக் கல் இருந்தது. பூமியைவிட மூத்தது என்றாள்.

“ஒரே ஒரு கட்டை விழுறதைப் பார்க்கணும்னு எவ்வளவு நேரம் நின்னேன்” என்று தம்பி இப்போது அலுத்துக்கொண்டான். “நீதான் பசிக்குதுன்னு இழுத்துட்டுப் போனே. பாரு, அது இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு.”

அக்கா சட்டென்று திரும்பினார். “எந்தக் கட்டை?”

அவன் காட்டினான். குண்டு அதன் பக்கமே வரவில்லை. காலையில் முதலில் சாய்ந்த கட்டைகள் கிடந்த இடைவெளியில் போய்வந்துகொண்டிருந்தது. அக்கா ஊசலைச் சுற்றியிருந்த கைப்பிடிக் கம்பியோரமாக நடந்து, ஒரு சிறு கொக்கியருகே குனிந்து முகர்ந்தார். பிறகு, “காப்பாளரைக் கூப்பிடும்மா” என்றார்.

சட்டைக் கையில் சாக்பீஸ் தூளோடு ஒல்லியான காப்பாளர் வந்து நின்றார்.

“பூமி பின்னால சுத்தாது, சார்” என்றார் அக்கா. “உங்க ஊசல் மட்டும் காலையில இருந்த இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கு. யாரோ நிறுத்தி மறுபடியும் விட்டிருக்காங்க.”

“எதுக்குக்கா நிறுத்தணும்?”

“அது ஆடும்போது அந்தப் பித்தளை மூடிகிட்ட கை நீட்டினா எலும்பு மிஞ்சுமா? உள்ள எதையாவது ஒளிக்கணும்னா நிறுத்தித்தான் ஆகணும்.”

காப்பாளரின் குரல் இறங்கியது. “அதை இந்தப் பொண்ணு செஞ்சிருக்கலாமே.”

“தம்பி, கையால தள்ளினா குண்டு எப்படி ஆடும்?”

“நேரா ஆடாது. கை கொஞ்சமாவது பக்கவாட்டுல தள்ளிடும், முட்டை வடிவமா சுத்தும். நூலால இழுத்துக் கட்டி, அசைவெல்லாம் அடங்கினப்புறம் நூலை எரிச்சுத்தான் விடணும்.”

“இது கோடு போட்ட மாதிரி போகுது. கொக்கியில கருகின நூல் நுனி ரெண்டு இருக்கு. ஒண்ணு காலையில எரிஞ்சது, அதுல வாடையே இல்லை. இன்னொண்ணுல வாடை இன்னும் போகலை. கையால தள்ளுவீங்கன்னே நம்பிட்டிருக்கிற பொண்ணு நூலைத் தேடியிருக்க மாட்டா, சார். காவலாளி எங்ககூட இருந்தார்.”

“கல்லு அந்த மூடிக்கு அடியிலதான் இருக்கு” என்று காப்பாளர் கூடத்தின் நடுவைக் காட்டினார்.

“அடுத்த வாரம் கல்லைப் பெரிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு” என்றார் தொடர்ந்து. “அங்க அது நூத்துல ஒண்ணு. இங்க வர்றவங்க முதல்ல பூமி திரும்புறதைப் பார்ப்பாங்க. அப்புறம் வானத்துலேர்ந்து வந்த கல்லைப் பார்ப்பாங்க. அந்த நேரம் அவங்க முகத்தை நான் பார்ப்பேன்.” அவர் குண்டைப் பார்த்தார். “கையால தள்ளிட்டுப் போயிருக்கலாம். கோணலா ஆடும்னு தெரிஞ்சே விட மனசு வரலை.”

அக்கா அந்தக் கம்பியை உச்சிவரை அண்ணாந்து பார்த்தார். எரித்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர் அவர். இத்தனை மரியாதையோடு ஒரு நூலை எரித்தவரை இதுவரை பார்த்ததில்லை.

வழிகாட்டிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பாளர் முன்னால் வந்தாள்.

“பதிவாளர் ரூம்ல எங்கப்பாவை வரவழைச்சு உட்கார வச்சிருக்காங்க, சார். உங்க பொண்ணு இதுக்கு முன்னாலயும் திருடியிருக்காளான்னு கேட்டிருக்காங்க. என்கூட வந்து, எங்கப்பாகிட்ட நீங்களே சொல்றீங்களா?”