வெயில் படாத இடம்

கல்யாண மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வளையத்துக்குள் ஏறி நின்று கைகளைத் தூக்கினாள் மரகதவல்லி. பட்டுப்புடவையை ஊடுருவிக்கொண்டு வெதுவெதுப்பான ஒளி ஒன்று உச்சந்தலையிலிருந்து கணுக்கால் வரை இறங்கியது. வளையத்தின் விளிம்பு பச்சையானது.

"நல்லா இருக்கீங்க. போயிட்டு வாங்க" என்றது தோல்நோக்கி. அவளுடைய குரல்தான். முப்பத்தைந்து வயதில் அவள் பேசிக் கொடுத்தது.

"சம்பந்தியம்மா தனக்குத்தானே சர்டிபிகேட் குடுத்துக்கறாங்க!" என்றார் பின்னால் நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பா. வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

வானத்தின் காப்புப் படலம் கிழிந்து, வெயிலே நோயாகிப்போன காலத்தில் வந்தது அந்த வளையம். நிறமிச் செல்கள் தறிகெட்டுப் பெருகும் மெலனோமாவை ஊரார் கரும்புற்று என்றார்கள். ஒவ்வொரு தெருவிலும் அது ஆளைக் கொண்டுபோனது. தோல் மருத்துவரான மரகதவல்லி இரண்டு காரியம் செய்தாள். வெயிலால் கெட்டுப்போன மரபணுவைத் தேடிப் போய் அதை மட்டும் பூட்டும் சாவிமருந்து ஒன்று. நோயைக் கடுகளவிலேயே காட்டிக்கொடுக்கும் தோல்நோக்கி மற்றொன்று. பேருந்து நிலையம், பள்ளிக்கூடம், கோவில், ஜவுளிக்கடை என்று எங்கும் வளையம் வந்தது. பச்சை வந்தால் உள்ளே போகலாம். சிவப்பு வந்தால் மருத்துவமனை. சாவு குறைந்தது. மனிதர்கள் தங்கள் உடம்பைப் பற்றி யோசிப்பதை விட்டார்கள்.

மணமேடையில் பாதபூஜைக்கு மனை போட்டிருந்தது. அவளும் கணவர் சென்னியப்பனும் உட்கார்ந்தார்கள். மகள் யாழிசை தாம்பாளத்தை நகர்த்தி, அப்பாவின் கால்களைக் கழுவித் துடைத்தாள். பிறகு அம்மாவின் வலது காலைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தாள்.

மஞ்சள் தண்ணீர் பட்டதும் மரகதவல்லிக்கு உடம்பு சிலிர்த்தது. தன் காலை இன்னொருவர் கை தொட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தாள். சென்னியப்பன் நல்லவர்தான். ஆனால் கட்டிலில்கூட அவர் அவளை உற்றுப் பார்த்ததில்லை. பார்க்க என்ன இருக்கிறது, தினமும்தான் பச்சை வருகிறதே.

யாழிசை குதிகாலுக்கு முன்னால் ஓரிடத்தில் விரலால் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"என்னம்மா இது, மருதாணி திட்டா ஒட்டியிருக்கு? போகவே மாட்டேங்குது."

"நான் எங்க மருதாணி வெச்சேன்?"

"அப்படியே தேச்சுட்டே இருங்க மேடம், ஃப்ரேம் அருமையா இருக்கு" என்றான் படம் பிடிப்பவன்.

மரகதவல்லி காலை மெல்ல இழுத்து மடியில் மடக்கிப் பார்த்தாள். முழங்கால் வலித்தது. உள்ளங்காலில் கறுப்பும் பழுப்புமாக, ஓரம் சிதறிய ஒரு திட்டு. நடுவில் லேசாக மேடு. வாழ்நாளெல்லாம் உருப்பெருக்கியில் பார்த்த முகம். அடையாளம் கேட்கவே வேண்டியதில்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு. குங்குமம் வை" என்றாள்.

தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் பூவும் அட்சதையும் தூவினார்கள். அவள் கையிலிருந்த அரிசி வியர்வையில் ஒட்டிக்கொண்டு விழவில்லை.

முதலில் செய்த தோல்நோக்கிக்குக் கண்ணாடித் தளம் இருந்தது. உள்ளங்காலையும் அது பார்த்தது. ஆனால் தார், சேறு, பித்தவெடிப்பு, மருதாணி எல்லாவற்றுக்கும் அது சிவப்பு காட்டியது. கல்யாண சீசனில் மருதாணி வைத்த பெண்களெல்லாம் அலறிக்கொண்டு ஓடினார்கள். உள்ளங்கால் நோய் அபூர்வம் என்று வெளிநாட்டுத் தரவு சொன்னது. கண்ணாடியை எடுத்துவிட்டு எஃகுத் தகடு போடச் சொன்னாள் மரகதவல்லி.

"அக்கா, அது வெள்ளைத்தோல்காரங்க கணக்கு" என்றாள் உடன் வேலைபார்த்த குயிலி. "வானம் கிழியறதுக்கு முன்னாடியே நம்ம ஆளுகளுக்கு வந்தது கால்லயும் நகக்கண்ணுலயும்தான். அதுக்கு வெயிலே வேண்டாம்."

"கண்ணாடி இருந்தா ஊரே இதை நம்பாது குயிலி. நம்பாத மெஷினால யாரைக் காப்பாத்த முடியும்?"

குயிலி வேறு வேலைக்குப் போய்விட்டாள். அன்று அவள் முகத்திலிருந்த ஏளனத்தை மரகதவல்லி பொறாமை என்று வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

மறுவீட்டு விருந்து முடிந்ததும் மருத்துவமனைக்குப் போனாள். வாசலில் பச்சை. உள்ளே இருந்த இளம் மருத்துவர் நிமலன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"உங்க பாடத்தைப் படிச்சுத்தான் நான் டாக்டரே ஆனேங்கம்மா. உக்காருங்க."

அவள் காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தாள். "இதை வெட்டி எடுக்கணும் தம்பி. சாவிமருந்து இதுக்குச் சேராது. வெயிலால வந்ததில்ல, அது தேடற மரபணுக் கோளாறே இதுல இருக்காது. இப்பவே எடுத்தா பிழைச்சுக்குவேன்."

அவன் காலைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான்.

"பச்சைன்னு வந்திருக்குதுங்களே."

"கால் அடியில அது பார்க்காதுப்பா."

"சிவப்பு இல்லாம கத்தி வெக்கக் கூடாதுங்கம்மா. தேவையில்லாம மக்களை அறுக்கறாங்கன்னு அந்தச் சட்டத்தை எழுதினதே நீங்கதானுங்களே." அவன் குரல் தணிந்தது. "வீட்டுல கல்யாணம் நடந்திருக்கு. மனசு கலங்கியிருக்கும். பச்சை மறுப்பு யாருக்கும் வரலாம். நீங்களே அதைப் பத்தி எழுதியிருக்கீங்க."

எழுதியிருந்தாள். பச்சை வந்த பிறகும் உடம்பில் நோய் இருப்பதாக நம்பித் தவிக்கும் மனநிலை என்று பெயர் சூட்டியிருந்தாள். அப்படி வந்து அழுத பெண்களில் எத்தனை பேர் காலைக் காட்டினார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். ஒருத்தி காட்டினாள். அவளிடம் பரிவாகப் பேசி, தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவைத்தாள் மரகதவல்லி.

"சட்டத்தை விடு. நீ டாக்டர்தானே? குனிஞ்சு ஒரு தடவை பாரு, சாமி."

நிமலன் தயங்கினான். குனிந்தான். அவன் கண்கள் திட்டின் மேல் நின்றன. அவற்றில் பயமும் இல்லை, அறிதலும் இல்லை. கூச்சம் மட்டும் இருந்தது.

"பார்த்தாலும் எனக்கு இது என்னன்னு தெரியாதுங்கம்மா" என்றான் உண்மையாக. "எங்களுக்குக் கண்ணால பார்க்கச் சொல்லிக் குடுக்கலீங்க."

அவன் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் வரிசை நீண்டிருந்தது. ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக ஏறினார்கள். குதிகால்கள் எழும்பித் தகட்டில் பதிந்தன. மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் கால் தூக்கியபோது, பெருவிரலுக்கு அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்து மறைந்தது. சேறாக இருக்கலாம். மருதாணியாக இருக்கலாம்.

மரகதவல்லி முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டு, அந்தப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்தாள்.

"ஐயோ, என்னங்கம்மா! பெரியவங்க என் கால்ல விழறீங்க!"

"காலைக் கொஞ்சம் தூக்கு கண்ணு. பாத்துட்டு விட்டுடறேன்."

"விடுங்க, விடுங்கம்மா!"

காவலாளி ஓடி வந்து அவள் தோளைப் பற்றினான். கடுமையாக இல்லை. "ஒண்ணும் பயப்படாதீங்க பாப்பா" என்றான் அந்தப் பெண்ணிடம். "பச்சை மறுப்பு. இங்க அடிக்கடி இப்படி வருவாங்க."

பெண் காலை உதறிக்கொண்டு வளையத்துக்குள் ஏறிக் கைகளைத் தூக்கினாள். பாதங்கள் எஃகின் மேல் அழுத்தமாகப் பதிந்தன. ஒளி கணுக்கால் வரை வந்து நின்றது.

தரையில் மண்டியிட்டிருந்தவளின் தலைக்கு மேல், கொஞ்சமும் நடுங்காத அவளுடைய இளங்குரல் சொன்னது:

"நல்லா இருக்கீங்க. போயிட்டு வாங்க."