ஒரு கன்னம் மட்டும் ஜில்லென்று

மெத்தை தைக்கும் அப்பாவுக்கும் காற்றுக்கும் எப்போதுமே ஆகாது. பஞ்சு வைக்கும் அறையில் மின்விசிறி கிடையாது. லேசாகக் காற்று புகுந்தாலும் பஞ்சு பறந்து மூக்கு, வாய், சட்டை என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஜன்னலின் மரக்கதவை ஆணியடித்து மூடி, ஜன்னல் இடுக்கு, கதவோரம் எல்லாவற்றிலும் துணிப்பட்டையைப் பசை தடவி ஒட்டிவிட்டார்.

"இனிமே இதுக்குள்ள காத்துகூட நுழைய முடியாது!" என்று மார்தட்டிக்கொண்டார்.

சின்னவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அதுதான் வம்பாகப் போயிற்று.

அன்று மத்தியானம் அவனும் அக்காவும் அந்த அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா எட்டிப் பார்த்தார். திட்டு விழுமே என்று இருவரும் குனிந்துகொண்டார்கள். அப்பா விளக்கை அணைத்தார். கதவைச் சாத்தினார். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

ஒரே இருட்டு.

"அப்பா! அப்பா!" அக்கா கதவைத் தட்டினாள். கதவின் உட்புறம் முழுக்கத் துணி. சுற்றிலும் பஞ்சு. அவள் கத்தியது அவளுக்கே மங்கலாகத்தான் கேட்டது. அப்பா இப்போது வண்டியில் மெத்தைகளை ஏற்றிக்கொண்டிருப்பார். கிளம்பிவிட்டால் திரும்பி வர ராத்திரி ஆகிவிடும்.

"அக்கா, காத்து தீர்ந்துடுமா?"

"சும்மா இருடா."

"அப்பாதானே சொன்னாரு, உள்ள நுழையாதுன்னு? இருக்கிற காத்தை நாம மூச்சு விட்டே காலி பண்ணிடுவோம்!" அவன் தேம்பித் தேம்பி மூச்சு வாங்கினான்.

அக்கா இருட்டில் கதவோரத்தைத் தடவிப் பார்த்தாள். அப்பா ஒட்டினால் அதில் ஓட்டை இருக்காதே! ஆனால் தானும் அழ ஆரம்பித்தால் இவனை யார் பார்ப்பது?

அவள் சின்னவனின் கையைப் பிடித்து மெதுவாக ஊதினாள்.

"நான் என்ன பண்றேன்?"

"ஊதுற."

"இந்த இருட்டுல எப்படித் தெரிஞ்சுது?"

"குறுகுறுன்னு இருந்துச்சு."

"கையில பூனைமுடி இருக்குல்ல? காத்து பட்டா அது சாயும். அதோட வேர்கிட்ட நரம்பு இருக்கு. 'ஏதோ தொடுது'ன்னு அது உடனே மூளைக்குச் சொல்லிடும். எங்க டீச்சர் சொன்னாங்க."

"கண்ணே வேணாமா?"

"வேணாம். எங்கயாவது காத்து உள்ள வந்தா உன் தோலே சொல்லிடும். அசையாம உட்காரு."

இருவரும் உட்கார்ந்தார்கள். அக்காவின் தோல் ஒன்றுமே சொல்லவில்லை.

"அக்கா, எனக்கு ஒரு கன்னம் மட்டும் ஜில்லுன்னு இருக்கு."

"எந்தக் கன்னம்?"

"ஜன்னல் பக்கம் இருக்கிறது."

தொட்டுப் பார்த்தாள். இரண்டு கன்னமும் கண்ணீரில் நனைந்திருந்தன.

"டேய், காத்து வருதுடா! ஈரம் காயும்போது தோல்ல இருக்கிற சூட்டையும் கொண்டு போயிடும். காத்து பட்டா இன்னும் சீக்கிரமா காயும். அதான் அந்தப் பக்கம் மட்டும் ஜில்லுன்னு இருக்கு!"

"அப்போ நான் அழுதது நல்லதா?"

"ரொம்ப நல்லது. இன்னும் கொஞ்சம் அழேன்."

"இப்ப வரமாட்டேங்குது."

அக்கா தன் புறங்கையை நாக்கால் நனைத்துக்கொண்டு ஜன்னலை நோக்கித் தவழ்ந்தாள். ஜன்னலின் மேலே கையை வைத்தாள்; ஒன்றுமில்லை. நடுவிலும் இல்லை. கீழ் மூலையில் கை சில்லிட்டது. அங்கே துணிப்பட்டை லேசாகப் பெயர்ந்திருந்தது. நகத்தால் பிய்த்து இழுத்தாள். விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. வெளிச்சம் உள்ளே வந்தது.

அதன் வழியாகப் பார்த்தாள். அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார்!

"அப்பா!" வண்டிச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

அப்பாவைத் திரும்ப வைக்க என்ன வழி? அவருக்கு உலகத்திலேயே பிடிக்காத காட்சி எது?

"மூட்டையைப் பிரிடா! பஞ்சை எடு!"

சின்னவன் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தான். அக்கா விரலால் இடுக்கு வழியே தள்ளித் தள்ளி விட்டாள். ஒரு துணுக்கு பறந்தது. இன்னொன்று பறந்தது. பிறகு தெருவெல்லாம் பஞ்சு. வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனது. சட்டென்று நின்றது.

"ஐயோ, என் பஞ்சு! எவன்டா அது?"

தடதடவென்று காலடிச் சத்தம். தாழ்ப்பாள் திறந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். தலை முதல் கால் வரை பஞ்சு அப்பிய இரண்டு பிள்ளைகள்!

அவர் முழங்காலிட்டு இருவரையும் அள்ளிக்கொண்டார். "உள்ளயா இருந்தீங்க? நானே பூட்டிட்டேனே! ஒரு இடுக்கு விடாம ஒட்டியும் வெச்சேனே!"

"இல்லப்பா," என்றான் சின்னவன் மூக்கை உறிஞ்சியபடி. "ஜன்னல் மூலையில நீங்க சரியாவே ஒட்டல."

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அப்பா சண்டைக்கே போயிருப்பார். அன்று அவர் சின்னவனை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"நல்லவேளைடா கண்ணா," என்றார். "நல்லவேளை, நான் ஒழுங்கா ஒட்டல."