இளைத்த எடைக்கு உப்பு

காலையில் கிளம்பும்போது நைட்டியின் ஜிப் சுவரைப் பார்த்து இருந்தது. ஷைனிக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கருமத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டதே அவள்தான். இப்போது கணக்குப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டு, கச்சிராயபாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தபடி அறைக்குள் நுழைந்தாள். ஜிப் அவள் கட்டிலைப் பார்த்து இருந்தது.

"எம்மா, மூட்டைய யாரு திருப்பி வச்சது?"

அடுப்படியிலிருந்து ஆனந்தமேரியின் குரல் வந்தது. "அத்த யாருடி தொடப்போறா? காலைல நகத்துனதுக்கே உங்கப்பா இடுப்பப் புடிச்சிக்கினு கெடந்தாரு."

ஷைனியின் பழைய நைட்டி அது. கள்ளக்குறிச்சிக் கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு. கடைக்காரப் பெண் அதை மேலடுக்கிலிருந்து கம்பால் இழுத்துப் போட்டபோது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதன் அடிப்பக்கத்தையும் இரண்டு கைகளின் முனையையும் அம்மா தைத்திருந்தாள். உள்ளே மரக்காணத்துக் கல்லுப்பு. கழுத்தில் சணல் கயிறு. அறை மூலையில் இடுப்புக்குக் கீழே பெருத்து, மேலே தோள் சரிந்து நின்றது. அந்தத் தோளின் சரிவு யாருடையது என்று ஷைனிக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்து மாதா கோயிலில் உப்பு நேர்ந்துகொள்வது உண்டு. நோவு கண்டவர் உடுத்திய துணியில் ஒரு துண்டு கிழித்து, ஒரு கைப்பிடி உப்பை முடிந்து, மலையடிவாரத்துக் குளத்தில் விடுவார்கள். உப்பு கரைகிற மாதிரி நோவு கரையும். ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். ஆனந்தமேரிக்கு அது போதவில்லை. எம்புள்ள எவ்ளோ எளைக்கிறாளோ அவ்ளோ உப்பு தாயே என்று முட்டி போட்டு நேர்ந்துகொண்டாள். அதற்குத் துண்டுத் துணி எப்படிப் பற்றும்? முழு நைட்டியையும் எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஷைனி எடை மெஷினில் ஏறி நிற்பாள். குறைந்த எடைக்கு உப்பை அளந்து அம்மா உள்ளே கொட்டுவாள். மழை பிடித்ததிலிருந்து குளத்துக்குப் போகும் தரைப்பாலம் தண்ணீருக்குள் கிடந்தது. மூட்டை இங்கேயே நின்றது.

மாதாதான் ஷைனியின் உடம்பைக் கரைத்தாள் என்பது ஊருக்குச் சொன்ன கதை. கரைத்தது பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி. வயிற்றில் ஐந்து ஓட்டை போட்டு, இரைப்பையில் முக்கால்வாசியை அறுத்து எடுத்து, மீதியை வாழைக்காய் அளவுக்குத் தைத்துவிட்டார்கள். பித்தப்பையில் கல்லு என்று தெருவில் சொல்லி வைத்தாள் அம்மா. ஷைனியும் அதைத்தான் சொன்னாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள், தின்றதைக் குறைக்கத் துப்பில்லாமல் குடலை அறுத்துக்கொண்டாள் என்று பேசுவார்கள். பேசட்டுமே என்று சொல்லும் தைரியம் அவளுக்கு எல்லா விஷயத்திலும் உண்டு. இதில் மட்டும் இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டரிடம் கேட்டாள். "வெட்டுறத இன்னா சார் பண்ணுவீங்க?"

"எரிச்சிருவோம்மா. ஏன், பார்சல் கட்டித் தரணுமா?"

நர்ஸுகள் சிரித்தார்கள். ஷைனியும் சிரித்தாள். அவளுக்கு அது பழக்கம். அத்தை மகன் நிச்சயதார்த்தத்தில் பிளாஸ்டிக் நாற்காலி அவளுக்கடியில் படாரென்று பிளந்து, மண்டபமே திரும்பிப் பார்த்தபோதும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான். அன்று வீட்டுக்கு வந்து தலையணையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஒருத்தர் காதிலும் விழாத அழுகை. பிறகு கண்ணாடி முன்னால் நின்று அதில் தெரிந்தவளைப் பார்த்துச் சொன்னாள்: "சனியனே, செத்துத் தொலையேன். உன்ன யாரு வேணும்னா?"

இப்போது அவள் இல்லை. இனி இந்த வீட்டில் பிள்ளை என்றால் நான்தான் என்று ஷைனி நினைத்திருந்தாள். அம்மாவுக்கு மட்டும் அது பிடிபடவில்லை. தட்டு நிறையச் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பைக் குழி வெட்டி ஊற்றி, இன்னும் கொஞ்சம் வச்சிக்கடி என்று கெஞ்சுவதுதான் ஆனந்தமேரிக்குத் தெரிந்த ஒரே கொஞ்சல். அது நின்றுபோய்விட்டது. நாலு ஸ்பூனுக்கு மேல் போனால் ஷைனி வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

"பூனகூட இத்தவிட ஜாஸ்தி தின்னும்," என்றாள் அம்மா ஒருநாள். "எம்புள்ளய அறுத்துப் போட்டுட்டு வேற எவளையோ குடுத்தனுப்பிட்டானுங்க."

ஷைனி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

மூட்டை திரும்பியிருந்த அன்று சாயங்காலம் ரெஜினா அத்தை வந்தாள், அப்பாவின் தங்கை. வாசலில் செருப்பை உதறும்போதே ஆரம்பித்துவிட்டாள். "இன்னாடி ஷைனி, கால்வாசிதான் கீற? மீதிய எங்கடி ஒளிச்சு வச்சிக்கிற?"

"அதோ நிக்குது பாரு," என்று அம்மா அறைப் பக்கம் தலையை ஆட்டினாள். அவள் குரலில் ஒரு பெருமை.

அத்தை சிரித்துக்கொண்டே உள்ளே போய் மூட்டையின் இடுப்பில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது.

"ஐய... மெத்துன்னு கீதே. உப்பாடி இது?"

முந்தானையில் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அம்மா கொடுத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தது. அத்தை அதைத் தொடாமலே கிளம்பிவிட்டாள்.

சில நாளாகவே அறையில் வந்துகொண்டிருந்த வாசனையை அதற்குப் பிறகுதான் ஷைனி ஒப்புக்கொண்டாள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மேகம் கொல்லையையும் கிணற்றையும் மூடிக்கொண்டு, சுவரெல்லாம் வியர்த்து, கதவுகள் ஊதிச் சாத்த முடியாமல் நின்ற அந்த ஈர நாட்களில், அறைக்குள் எழுந்த அது உப்பின் வாசனை இல்லை, ஈரச் சாக்கின் வாசனையும் இல்லை. வயிற்று மடிப்புக்குள் வேர்வை தேங்கி, அதன்மேல் அப்பிய பவுடர் புளித்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அந்த வாசனை. எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாத அவளுடைய வாசனை. தன் கையை முகர்ந்து பார்த்தாள். தளர்ந்து தொங்கும் தோலைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். அவளிடம் இல்லை. மூலையிலிருந்துதான் வந்தது.

சனிக்கிழமை மதியம் அம்மா பக்கத்துத் தெருவில் கோயில்காரர்கள் வீட்டில் கூடிச் சொல்லும் அன்பிய ஜெபத்துக்குப் போனாள். அப்பா ராயப்பன் மரவள்ளிக் கொல்லையில் தண்ணீர் வடியவிடப் போயிருந்தார். ஷைனி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். நைட்டியைக் கிழிப்பது, உப்பை வாளி வாளியாக அள்ளிக் குளியலறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது. அம்மா கத்துவாள். கத்தட்டும்.

முதலில் இழுத்துப் பார்த்தாள். கழுத்துக் கயிற்றைப் பிடித்து, காலைச் சுவரில் உதைத்து, பல்லைக் கடித்து இழுத்தாள். அசையவில்லை. இத்தனை வருடம் படி ஏறி, பஸ் ஏறி, வகுப்பு வகுப்பாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததை அவளால் இப்போது ஓர் அடி நகர்த்த முடியவில்லை.

குனிந்தபோது கறைகளைப் பார்த்தாள். துணியின் வயிற்றுப் பக்கத்தில், கசிந்து காய்ந்து மறுபடி கசிந்த சின்னச் சின்ன வட்டங்கள். ஐந்து. தன் குர்தாவைத் தூக்கிப் பார்த்தாள். தொப்புளுக்கு மேலே ஒரு தழும்பு. இடப்பக்கம் இரண்டு. வலப்பக்கம் இரண்டு.

அதே இடம்.

கத்தரிக்கோலைக் கட்டிலில் போட்டுவிட்டு ஜிப்பைக் கீழே இழுத்தாள். உப்பு வெள்ளையாக இல்லை. வெண்ணெய் மாதிரி மஞ்சளடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, மினுமினுப்பாக இருந்தது. ஒரு விரலை உள்ளே விட்டாள். கதகதப்பு. இன்னும் கொஞ்சம் விட்டாள்.

பல் முளைக்காத குழந்தையின் ஈறு மாதிரி ஏதோ ஒன்று விரலை மெல்லக் கவ்வியது.

பிடுங்கிக்கொண்டு கட்டிலில் போய் விழுந்தாள். பயத்தைவிட ஆத்திரம் முன்னால் வந்தது. வாய் தானாகத் திறந்தது. "சனியனே! செத்துத் தொலையேன். உன்ன யாரு வேணும்னா?"

மூட்டையின் கழுத்து தொங்கியது.

கயிறு கட்டிய அந்த முடிச்சு மெதுவாக, மிக மெதுவாக முன்பக்கம் சாய்ந்து நின்றது. தலை குனிந்த மாதிரி. உள்ளேயிருந்து ஒரு சத்தம். துணியை வாயில் திணித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, நெஞ்சு மட்டும் விம்மி விம்மி எழும் சத்தம். உலகத்தில் வேறு யாரும் கேட்டிராத அழுகை அது. யாருடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மன்னிச்சுக்கோ என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவமானம் விடவில்லை. எழுந்து ஓடினாள். கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தாள். ஜிப்பை மூடவில்லை என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகக் கால் வரவில்லை.

மலை தெரியாத அளவுக்கு மழை இறங்கியது. பொழுது சாயும்போது கரண்ட் போயிற்று. காலையிலிருந்து ஒன்றும் இறங்காத வயிறு சுருண்டது. தலை கிறுகிறுத்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

வீட்டுக்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் வச்சிக்கடி. கருவாடு உனக்குன்னுதான் எடுத்து வச்சேன்."

எத்தனை மாதமாகக் கேட்காத கொஞ்சல். ஷைனிக்குக் கண் கலங்கியது. "வேணாம்மா," என்றாள் இருந்த இடத்திலிருந்தே. "வயிறு கொள்ளாது."

"ஆ காட்டு. இன்னும் ஒரு வாய். எங்கண்ணுல்ல."

அம்மா அவளுக்குப் பதில் சொல்லவில்லை. வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷைனி எழுந்தாள். அடுப்படி இருட்டு. தரையில் ஏதோ நறநறத்தது. கால் வைத்த இடமெல்லாம் உப்பு. அவள் அறையிலிருந்து கூடம்வரை, அகலமான ஈரத் தடம். இழுத்துக்கொண்டு போன தடம் இல்லை. கால் காலாக எடுத்து வைத்துப் போன தடம்.

கூடத்தில் மெழுகுவர்த்தி. பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நைட்டி.

உட்கார்ந்திருந்தது. தோள் சரிந்து, வயிறு மடியில் வழிந்து. எதிரே முக்காலியில் அம்மா. சோற்றைப் பிசைந்து, உருட்டி, திறந்த ஜிப்புக்குள் வைத்தாள். ஜிப்பின் இரண்டு ஓரமும் சேர்ந்தன. அசைந்தன. மென்றன. குழம்பு வழிந்தது. அம்மா புறங்கையால் துடைத்துவிட்டாள்.

"எம்மா."

ஆனந்தமேரி திரும்பினாள். மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்து, மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பயமும் இல்லை. கேட் திறந்திருந்ததால் உள்ளே வந்துவிட்ட யாரோ ஒருத்தியைப் பார்க்கும் மரியாதை மட்டும்.

"யாருங்க? இன்னா வேணுங்க?"

"எம்மா, நான்தாம்மா. ஷைனி."

"ஷைனிய பாக்க வந்தீங்களா? சாப்ட்டுக்கினு கீறா. உக்காருங்க."

முன்கதவு திறந்தது. அப்பா. தலையில் சாக்கு, முழங்கால்வரை சேறு. ஷைனியைத் தாண்டி, அவள் மேல் படாமல் ஒதுங்கி, நாற்காலிப் பக்கம் போனார்.

"பாப்பா சாப்ட்டியா?" நைட்டியின் சரிந்த தோளில் கையை வைத்தார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "இந்தப் பொண்ணு யாரு?"

"தெரியல. பாவம், தின்னு எத்தினி நாளாச்சோ. எலும்புதான் கீது."

நைட்டியின் கழுத்து திரும்பியது. முடிச்சு ஷைனியைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் முகம் பெருமையில் பூத்தது.

"பாருங்களேன், எம்புள்ளைக்கு மனசு கேக்கல. தட்டுல கீறத உங்களுக்குக் குடுக்கணுமாம்."

தைத்த கை தட்டுக்குள் போனது. சோற்றை உருட்டியது.

அவள் பின்வாங்கினாள். சுவர். ஈரச் சுவர். அந்த வாசனை. பவுடர். வேர்வை. கருவாடு. ஐந்து தழும்பும் ஒன்றாக எரிந்தன.

அது எழுந்தது. படாரென்று நாற்காலி பிளந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அது அவளை நோக்கி நடந்து வந்தது. வயிற்றுப் பக்கம் ஜிப் திறந்து, உள்ளே மஞ்சளாக மினுங்க, அழுது ஓய்ந்தவளின் விம்மலோடு. அம்மா மெழுகுவர்த்தியை வாகாகப் பிடித்துக் காட்டினாள். தைத்த கை, சோற்று உருண்டையோடு, ஷைனியின் வாய்க்கு நேராக வந்து நின்றது.