மட்காத பத்துப் பைகள்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கஸ்தூரியின் வீட்டுக்கு வந்த சிந்துஜாவின் கையில் ஒரு நைலான் வலை இருந்தது. வலைக்குள் சாணி ஒட்டிய பத்து வெள்ளைப் பைகள்.

கஸ்தூரி சென்னையில் தடய அறிவியல் கூடத்தில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பியவர். அவரை வெளியே அழைத்துப் போகும் ஆட்டோக்காரர் கோபிக்கு நாற்பத்தைந்து வயது. புதிர் என்றால் சவாரியைக்கூட விட்டுவிடுவார். அன்றும் விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

சிந்துஜாவுக்கு வேங்கிக்காலில் ஒரு சிறு தொழிற்கூடம். மக்காச்சோளச் சர்க்கரையைப் புளிக்கவைத்து, அதில் வரும் அமிலத்தை நீண்ட சங்கிலியாகக் கோத்துச் செய்யும் குருணையை வாங்குகிறாள். மரவள்ளி மாவைக் கலந்து உருக்கிப் பைகளாக ஊதுகிறாள். கிரிவலப் பாதையில் சேரும் பைகளை எருக்குழியில் போட்டால் அவை மண்ணாகிவிட வேண்டும் என்பது திட்டம். அதைச் சோதிக்க மூன்று மாதத்துக்கு முன் உரிமம் தரும் அதிகாரிகள் அடி அண்ணாமலையில் இராமலிங்கம் என்ற விவசாயியின் எருக்குழியில் பத்துப் பைகளைப் புதைத்தார்கள். இந்தத் திங்கட்கிழமை காலைதான் தோண்டி எடுத்தார்கள்.

"ஒரு ஓட்டைகூட இல்லைங்க. 'மட்கவில்லை'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. மூணு நாளுக்குள்ள காரணம் சொல்லலன்னா லைசென்ஸ் கிடையாது."

"யார்மேல சந்தேகம்?"

"மெஷின் ஓட்டற அர்ஜுனன். எட்டு வருஷமா எங்கிட்ட இருக்காரு. சாதா பிளாஸ்டிக் குருணையைக் கலக்க அவரால மட்டும்தான் முடியும். இனிமே வர வேணாம்னு போன்லயே சொல்லிட்டேன்." இதைச் சொல்லும்போது அவள் தலை நிமிரவில்லை.

கஸ்தூரி ஒரு பையை விரித்தார். நான்காக மடித்த கோடுகள் தெரிந்தன. மடிப்பின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"மடிச்சா புதைச்சீங்க?"

"இல்லைங்க. சுருள்லேர்ந்து வெட்டி, விரிச்சபடியே வெச்சோம்."

"அதே நாள் செஞ்ச பை வேற இருக்கா?"

சிந்துஜா கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தாள். கஸ்தூரி இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, காற்றுக் குமிழி ஒட்டாமலிருக்கச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார். சிந்துஜா கொடுத்த துண்டு அடியில் தங்கியது. குழியிலிருந்து வந்தது மேலே மிதந்தது.

"அப்போ அர்ஜுனன் கலந்துட்டாரா?" என்று கோபி எழுந்தார்.

"கலந்திருந்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். மிதக்கறது தண்ணியைவிட லேசான, கடையில விக்கிற பாலிதீன். அது இவங்க மெஷின்ல வந்த பையே இல்லை."

"போட்டிக் கம்பெனிக்காரன் மாத்திட்டான் மேடம்! வேற யாரு?"

"குழியைப் பாக்கலாம். அர்ஜுனனையும் வரச் சொல்லுங்க."

அடி அண்ணாமலையில் அவர்கள் இறங்கியதும் இராமலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். யாரும் எதையும் கேட்கும் முன்பே, "பத்தும் சரியா இருந்துச்சுங்களே. ஒண்ணுகூட காணாம போகல" என்றார்.

கஸ்தூரி எருவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். சூடு பொறுக்கவில்லை. அர்ஜுனன் வந்து சற்றுத் தள்ளி நின்ற பிறகுதான் பேசினார்.

"மூணு மாசம் சாணியில கெடந்திருந்தா மடிப்புக்குள்ளயும் கறை ஏறியிருக்கும். இந்தப் பைங்க உள்ள போய் ரொம்ப நாள் ஆகல. கெடுக்கணும்னு நெனச்சவன் ஒண்ணு ரெண்டு மாத்தினாலே போதும். பத்தும் இருக்கணும்னு யாருக்கு அவசியம்? மட்கிச்சா இல்லையான்னுதான் எல்லாரும் கவலைப்படறாங்க. நீங்க மட்டும் காணாம போகலன்னு சொன்னீங்க, ஐயா."

இராமலிங்கம் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்துப் பை, பத்திரமா பாத்துக்கணும்னு கையெழுத்து வாங்கினாங்கம்மா. ரெண்டு வாரம் முன்ன எருவைக் கெளறிப் பாத்தா வலை வெறுமனே கெடக்குது. எவனோ திருடிட்டான்னு நெனச்சேன். இன்னா பண்றதுன்னு தெரியல. டவுன்ல அதே மாதிரி வெள்ளைப் பை வாங்கியாந்து போட்டேன். அது கரைஞ்சு போவும்னு எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

கஸ்தூரி வலையின் முடிச்சைப் பிரித்தார். அதில் சிக்கியிருந்த ஒரு மெல்லிய துணுக்கு விரல் பட்டதும் பொடிந்தது.

அதிகாரிகளுக்கு ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியிருந்த சிந்துஜா, முதல் முறையாக இராமலிங்கத்தின் எதிரில் உட்கார்ந்தாள். "பாலிதீன் சங்கிலியில அறுக்க இடமே கிடையாதுங்க. இதுல ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவுல தண்ணி பூந்து அறுக்கற மாதிரி மூட்டு இருக்கு. உங்க குழிச் சூட்டுல அது சீக்கிரம் அறுந்துடும். துண்டு துண்டானதை நுண்ணுயிருங்க தின்னுடும்."

"அப்போ பை நல்ல பைதானா?"

"நல்ல பைதாங்க."

அவள் எழுந்து அர்ஜுனனிடம் போனாள். அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்."

"கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான். வேலைக்கு வாங்க."

இராமலிங்கம் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த அதிகாரி பழைய முடிவை ரத்து செய்தார். ஆனால் பைகள் தேறியதாக எழுத மறுத்துவிட்டார். சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் மூன்று மாதம். கார்த்திகை தீபத்துக்குப் பைகள் வராது.

வியாழக்கிழமை மறுபடி புதைத்தபோது அர்ஜுனன் வந்திருந்தார். சுருளிலிருந்து பத்துப் பைகளையும் அவரே வெட்டி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வலைக்குள் வைத்தார். ஒன்று, இரண்டு என்று எண்களை மட்டும் சொன்னார். சிந்துஜா ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள்.