அடுப்புக்கு மேலே ஒரு கம்பளி

அட்டுவம்பட்டி பிள்ளைகள் இல்லத்தில் யாருடைய கம்பளி நனைந்தாலும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூடுபனிக் காலத்தில் வெளியே எதுவும் காயாது அல்லவா? அதனால் சமையலறை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காயப்போடுவார்கள். பிள்ளைகள் சாப்பிடுவதும் அங்கேதான்.

அன்று காலை தமிழ்மதி கண் விழித்தபோது, கீழே விரித்திருந்த கம்பளி ஈரமாக இருந்தது. அவளுக்குப் பகீர் என்றது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள், வகுப்புத் தலைவி வேறு! ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்ற அம்மா வரவில்லை. அதை நினைத்து அழுதபடியே தூங்கியிருந்தாள்.

பக்கத்தில் படுக்கும் சமீஹா அதற்குள் குளிக்கப் போயிருந்தாள். சின்னப் பிள்ளை, இரண்டாம் வகுப்பு. இல்லத்துக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

எல்லாக் கம்பளியும் ஒரே சாம்பல் நிறம். தமிழ்மதி சட்டென்று தன் கம்பளியைச் சமீஹாவின் பாயில் போட்டுவிட்டு, அவளுடையதைத் தன் பாய்க்கு இழுத்துக்கொண்டாள்.

உப்புமா சாப்பிடும்போது ஈரக் கம்பளி மேலே தொங்கியது.

"நேத்து சமீஹா பாயில மட்டும் மழையாம்ல," என்றாள் சுகன்யா.

எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்மதியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே!

சமீஹா மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்தாள். "எனக்கே தெரியாமப் போயிருச்சுக்கா," என்றாள்.

தமிழ்மதி பாதி உப்புமாவோடு தட்டைத் தள்ளி வைத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் சமீஹாவின் தம்ளர் நிறைந்தபடியே இருந்தது. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஏன் தண்ணி குடிக்கல?" என்று கேட்டாள் தமிழ்மதி.

"காலையிலேருந்தே குடிக்கலக்கா. குடிச்சா திரும்பவும் நனைச்சிருவேன். நனைச்சா என்னைய இங்கேருந்து அனுப்பிருவாங்களா?"

தமிழ்மதிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. ஆனாலும் எழுந்து நின்றாள். சோறு பரிமாறிக்கொண்டிருந்த காப்பாளர் அன்னக்கொடி திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, அந்தக் கம்பளி என்னோடது. நான்தான் நனைச்சேன். நான்தான் மாத்திப் போட்டேன்."

சுகன்யா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அன்னக்கொடி பார்த்த பார்வையில் கப்சிப் ஆனாள்.

"அம்மா வரலைன்னு அழுதியாக்கும்?" என்று அன்னக்கொடி கேட்டார். தமிழ்மதி தலையாட்டினாள்.

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? நாளைக்கு வெள்ளனே அம்மாவுக்குப் போன் போடுவோம். இப்ப அந்தக் கம்பளிய வெரசா இறக்கி மடி. நெறைய சோலி கெடக்கு."

எல்லார் கண்ணும் தன் மேல் இருக்க, தமிழ்மதி தலை குனிந்தபடி கம்பளியை இறக்கினாள். மறுமுனையை ஒரு சின்னக் கை பிடித்தது.

"மன்னிச்சிரு சமீஹா."

"அப்ப நான் நனைக்கலையாக்கா?"

"இல்ல. நீ நனைக்கவே இல்ல."

சமீஹா கம்பளியைப் போட்டுவிட்டு ஓடினாள். மடக் மடக்கென்று ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்தாள். இன்னொரு தம்ளரை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்களும் குடிங்கக்கா. நனைஞ்சா நான் மடிக்க வாரேன்."

தமிழ்மதி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.